மட்டாஞ்சேரியில் பார்த்த கொரியா

எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கடைசியாகக் கட்டுரை என்று ஒன்றை எழுதியது பள்ளிக்கூடத்தில், மழைக்காலத்தைப் பற்றி. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் கடல் தாண்டிப் போய் வந்தவர்கள். நான் தாண்டியது எங்கள் போடி மலையையும் கொச்சியில் ஒரு காயலையும் மட்டும்தான். நூலக மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் நூலகர் அம்மா மூன்று முறை கேட்டுவிட்டார்கள். மூன்றாவது முறையும் முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன்.

என் மகள் பவித்ராவை மட்டாஞ்சேரியில் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. மாப்பிள்ளை வினோத்துக்குக் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் அவருடைய தாத்தா காலத்திலேயே கொச்சிக்குப் போய்விட்டவர்கள். வீட்டில் பேசுவது தமிழ் மாதிரி இருக்கும். எழுதுவது, படிப்பது எல்லாம் மலையாளம். மாப்பிள்ளையின் அப்பா இல்லை. சம்பந்தியம்மா சரோஜா ஒரு கிடங்கில் சுக்கும் மிளகும் தரம் பிரிக்கிறார்கள். முறத்தில் போட்டுப் புடைத்து, நல்லது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்கள்.

பவித்ராவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு செய்து, முதல் பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வரத்தான் போனேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சவாரியை விட்டுவிட்டு வர முடியாததால் தனியாகப் போனேன்.

அழைத்து வருவதில் எனக்குள் ஒரு பிடிவாதமும் இருந்தது. போன வருடம் பவித்ராவுக்கு ஐந்தாம் மாதத்தில் ஒன்று கலைந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து எனக்கு மஞ்சள் காமாலை. மலை தாண்டி அவ்வளவு தூரம் போக முடியவில்லை. தினமும் போன் போட்டு அழுவேன். சம்பந்தியம்மா எடுத்து, "அவ கழிக்குது. பேடிக்க வேண்டா" என்பார்கள். சாப்பிடுகிறாள், பயப்படாதீர்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான், வைத்துவிடுவார்கள். ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. ஈரமில்லாத மனுஷி என்று அன்றைக்கே மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை என் பிள்ளையை அவர்கள் கையில் விடுவதில்லை என்று முடிவும் செய்துவிட்டேன்.

அந்த நாட்களில்தான் பவித்ரா ஒரு கொரிய நாடகத்தின் பெயரை அனுப்பி, "நானும் இதத்தாம்மா பாக்குறேன். நீயும் பாரு. ஒண்ணா உக்காந்து பாக்குற மாதிரி இருக்கும்" என்றாள். எனக்குத் தமிழில் பேசும் நாடகம் கிடைத்தது. நான் வீட்டில் நைட்டி தைக்கிறவள். மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தைத்துக்கொண்டே கேட்பேன். அதில் ஒரு மாமியாரும் மருமகளும் சலவைக் கடை நடத்துகிறார்கள். மகன் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். மாமியாருக்கு வாயைத் திறந்தால் கடுகடுப்பு. கேட்கும்போதெல்லாம் எனக்கு மட்டாஞ்சேரி ஞாபகம்தான் வரும்.

வெள்ளிக்கிழமை மதியம் எர்ணாகுளத்தில் படகு ஏறினேன். மட்டாஞ்சேரித் துறையில் இறங்க வேண்டும். எல்லோரும் எழுந்து இறங்கினார்கள், நானும் இறங்கினேன். அது கோட்டைக் கொச்சி. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். மூன்று பையோடு மீன் வலைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓர் ஆட்டோக்காரர் வந்து, "எங்கோட்டா சேச்சி?" என்றார். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்த மலையாளம் ஒரு வார்த்தைகூட வரவில்லை. பதற்றத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கொரிய நாடகத்தில் செய்வதுபோல இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, பவித்ராவுக்குப் போட்ட போனை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். தைத்துக்கொண்டே பார்த்தாலும் அது மட்டும் எப்படியோ கண்ணில் பட்டுப் படிந்திருக்கிறது. அந்த மனிதர் ஒரு கணம் திகைத்து, அவரும் குனிந்து இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டார். பவித்ராவிடம், "மோளே, அம்ம இவிடெ உண்டு. ஒண்ணும் மிண்டுந்நில்ல. பட்சே நல்ல மரியாதையா" என்றார். அம்மா இங்கே இருக்கிறார்கள், ஒன்றும் பேசவில்லை, ஆனால் மரியாதை தெரிந்தவர்கள் என்று சொன்னதாகப் பவித்ரா பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

வீட்டு வாசலில் சம்பந்தியம்மா நின்றிருந்தார்கள். "வாங்க. கழிச்சோ?" என்றார்கள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்க் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் எடுத்து வைத்தார்கள். குடிக்கக் கொடுத்த தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. குழாய் துருப்பிடித்துவிட்டது போல என்று நினைத்துக் குடிக்காமல் வைத்திருந்தேன். பவித்ராதான், "அது மரப்பட்டை போட்டுக் காய்ச்சுன தண்ணிம்மா, ஒடம்புக்கு நல்லது" என்றாள். அவள் கன்னம் உப்பியிருந்தது. நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் நான் ஊருக்குக் கிளம்பும் பேச்சை எடுத்தபோதெல்லாம் வேறு எதையோ பேசினாள்.

சமையலறையில் ஒரு பெரிய துணிப்பை மூட்டையாகக் கட்டி இருந்தது. மேலே மலையாளத்தில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. லேகிய வாசனை. நான் பார்ப்பதைக் கண்டதும் சம்பந்தியம்மா அதைக் காலால் அலமாரிக்குப் பின்னால் தள்ளினார்கள். பிரசவ மருந்து எல்லாம் தயார். அப்படியானால் என் மகளை அனுப்புகிற எண்ணமே இல்லை.

சனிக்கிழமை காலையில் வளையல் பெட்டியைத் திறந்தோம். போடியில் தேடித் தேடி வாங்கியது. ஒன்றுகூடப் பவித்ரா கையில் ஏறவில்லை. ஏழாம் மாதத்தில் கை வீங்கும் என்பதை மறந்து, கல்யாண அளவிலேயே வாங்கியிருக்கிறேன். சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லாமல் குடையை எடுத்தார்கள். "வரூ. பிராட்வே போகலாம்."

எர்ணாகுளத்தில் இருக்கிற பிராட்வே எங்கள் ஊர்ச் சந்தையைப் பத்து மடங்காக்கின மாதிரி. ஆள் மேல் ஆள். சம்பந்தியம்மா முன்னால் நடக்க, அவர்கள் குடையையே பார்த்துக்கொண்டு நான் பின்னால். வளையல் கடைக்காரர் சங்கரன்கோவில் பக்கத்து ஆள். என் பேச்சைக் கேட்டதும், "எந்த ஊருக்கா? போடியா? இந்தா, வளகாப்புக்குன்னா பச்சையும் செவப்பும் கலந்து எடுங்க" என்றார். அளவுக்கு ஒரு வளையலைக் கேட்டார். நாங்கள் கொண்டு போகவில்லை. நான் விழித்தேன். சம்பந்தியம்மா ஐந்து விரலையும் குவித்து, கொஞ்சம் தளர்த்தி, "இத்தரை" என்று காட்டினார்கள்.

"சேச்சி, கையக் காட்டுனா எப்படி? நாளைக்குச் சேரலைன்னா என்னையத்தான திட்டுவீங்க?"

"சேரும். எனக்கு அறியாம்."

தனக்குத் தெரியும் என்கிறார்கள். கடைக்காரர் முனகிக்கொண்டே எடுத்துத் தந்தார். திரும்பி வந்து போட்டுப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு ஏறி, மணிக்கட்டில் சரியாக நின்றது. பெற்றவளுக்குத் தெரியாத அளவு இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் சாயாவும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் வைத்துக்கொண்டு மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். சம்பந்தியம்மா போட்டது அதே சலவைக் கடை நாடகம். அவர்களும் பார்க்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆனால் அவர்கள் பார்ப்பது கொரிய மொழியிலேயே. கீழே மலையாள எழுத்து ஓடும்.

தமிழில் வில்லிக் குரலில் பேசிய அந்த மாமியாருக்கு உண்மையில் களைத்துப்போன, தாழ்ந்த குரல். எனக்கு அதுவே புதிதாக இருந்தது.

கொஞ்சம் தைரியம் வந்து, எனக்கு இருந்த ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். "இதுல அந்தச் சின்னப் பொண்ணு, பாலு ஊத்துறவன அண்ணன் அண்ணன்னு கூப்பிட்டுட்டுக் கடைசியில அவனையே கட்டிக்கிறாளே. எனக்குச் சகிக்கல. நாலு நாள் பார்க்காம விட்டுட்டேன்."

சம்பந்தியம்மா முதல் முறையாகச் சிரித்தார்கள். "அவங்க நாட்டுல பிரியமுள்ள ஆளை அப்படித்தான் விளிக்கும். அதெந்தா, இங்கயும் கெட்டியோனைச் சேட்டான்னு அல்லே விளிக்கறது? சேட்டான்னா அண்ணன்தானே? உங்க மோள் என் மோனை எப்படி விளிக்குதுன்னு கேளுங்க."

பவித்ரா முகத்தை மூடிக்கொண்டாள். "நீ வினோத்த மாமான்னு கூப்பிடலையாடி?" என்றேன்.

"மாமான்னு ஒரு தடவ கூப்பிட்டேம்மா. பக்கத்து வீட்டுல, என்னது, சொந்த மாமனையா கட்டிக்கிட்டேன்னு கேட்டாங்க. அன்னைலேர்ந்து சேட்டாதான்."

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். பெரியவர்கள் முன்னால் குடிக்கும்போது ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், பிள்ளை பெற்றவளுக்கு ஏன் வேளைக்கு வேளை பாசி மாதிரி ஒரு சூப்பைக் கொடுக்கிறார்கள். நான் அவர்களுக்கு வேறு கதியில்லை என்று நினைத்திருந்தேன். "கடல்பாசிதான். அது அவங்க பத்தியம். நமக்குச் சுக்கு போல" என்றார்கள். அந்தச் சூப்பைப் பிறந்தநாளிலும் சாப்பிடுவார்களாம், பெற்றவளை நினைத்து. சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கிற ஒருவரிடம் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பவித்ரா அலுப்பில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மருமகளின் அம்மா ஊரிலிருந்து போன் செய்கிறாள். மாமியார், "நன்றாகச் சாப்பிடுகிறாள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். இதைக் கேட்டு நான் மிஷினில் உட்கார்ந்தபடியே திட்டியிருக்கிறேன். ஆனால் போனை வைத்தபிறகு நடப்பதை நான் பார்த்ததே இல்லை. அதில் பேச்சு கிடையாது. பேச்சில்லாத இடத்தில் நான் துணியைப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்திருப்பேன். மாமியார் சாப்பாட்டு மேசைக்கு வருகிறாள். மருமகள் சோற்றைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாமியார் தன் தட்டில் இருந்த மீனைக் குச்சியால் பிரித்து, முள்ளை எடுத்து, தன் வாயில் வைத்த அதே குச்சியாலேயே மருமகளின் சோற்றின் மேல் வைக்கிறாள். மருமகள் சாப்பிடுகிறாள்.

"ஐயே, எச்சில்!" என்றேன் என்னையறியாமல்.

சம்பந்தியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்களுக்கு அது எச்சில் இல்லை. உன்னை எனக்கு இஷ்டமாணுன்னு அவங்க வாய் திறந்து சொல்லாது. சோத்து மேல ஒரு துண்டு வைக்கும். மதி, அது போதும்."

"என்ன இருந்தாலும் நம்ம பிள்ளைங்க சாப்பிடுமா? பவித்ரா சின்னதுல, பால் சூடா இருக்கான்னு நான் ஒரு வாய் பார்த்தாலே அந்தப் பாலத் தொட மாட்டா."

"ம்" என்றார்கள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நல்லபடி நடந்தது. புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று ஐந்து வகை கிளறினோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வளையல் போட்டார்கள். "இத்தரை வளையா? ராத்திரி உறங்கண்டே?" என்று ஒரு பாட்டி பவித்ராவைக் கேலி செய்தார். இத்தனை வளையலோடு எப்படித் தூங்குவாய் என்று அர்த்தம். எல்லாம் முடிந்து, மகளை அனுப்பி வையுங்கள் என்று நான் முறையாகக் கேட்க வேண்டிய நேரம். தாம்பூலத்தட்டைக் கையில் எடுத்தேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். பவித்ரா வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா சமையலறையில் பாத்திரத்தை உருட்டினார்கள். கேட்காமலே தட்டைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். சம்பந்தியம்மா லீவு போட்டிருந்தார்கள். மதியம் மத்தி மீன் வறுவலும் சிவப்பரிசிச் சோறும். அந்தச் சோறு எங்கள் ஊர் ஆளுக்கு மென்று முடியாது, ஒவ்வொன்றும் ஒரு பயறு அளவு. மூவரும் மேசையில் உட்கார்ந்தோம். கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மா கேஸ் சிலிண்டர் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டே, தான் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே கையால், தன் தட்டில் இருந்த மத்தியைப் பிய்த்து, முள்ளை உருவிப் போட்டு, சதையைப் பவித்ராவின் சோற்றில் வைத்தார்கள். பவித்ரா அதைப் பார்க்கக்கூட இல்லை. எடுத்துச் சாப்பிட்டாள். இன்னொரு துண்டு. அதையும் சாப்பிட்டாள். இருவருக்கும் அது தினமும் நடக்கிற காரியம்போல் இருந்தது.

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டு வரும்போதுதான் நான் பார்ப்பதைச் சம்பந்தியம்மா கண்டார்கள். கை பாதி வழியில் நின்றது. முகம் சிவந்துவிட்டது. "அய்யோ, நான்... பழக்கமாயிப் போச்சு. சாரி கேட்டோ" என்று சொல்லித் துண்டைத் தன் தட்டிலேயே திரும்ப வைத்துக்கொண்டார்கள்.

துண்டு வரவில்லை என்றதும் பவித்ரா நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, மாமியார் தட்டிலிருந்து அந்தத் துண்டைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"போன வருஷம் எனக்குத் தட்டுல சோறு பார்த்தாலே கொமட்டும்மா" என்றாள். "தட்டு வெச்சா அழுவேன். அத்தை எனக்குன்னு தட்டே வைக்கிறத விட்டுட்டாங்க. நாடகத்தப் போட்டுவிட்டு, என் பக்கத்துல உக்காந்து அவங்க சாப்பிடுவாங்க. அவங்க தட்டுலேர்ந்து ஒரு வாய், ஒரு வாயா எனக்குத் தள்ளுவாங்க. நானும் டிவியப் பார்த்துக்கிட்டே தின்னுருவேன். ரெண்டு மாசம் அப்படித்தான் சாப்பிட்டேன்."

"கழிக்குது, பேடிக்க வேண்டா" என்று போனில் கேட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு நாளில் அவர்களிடம் இருந்த ஒரே நல்ல செய்தியை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதையும் அந்த நாடகத்தைத் தைத்துக்கொண்டே கேட்ட மாதிரிதான் கேட்டிருக்கிறேன்.

"அவ இங்கேயே இருக்கட்டும்" என்றேன். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது இது இல்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும் சம்பந்தியம்மா."

அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெந்தா அப்படி? மொதப் பிரசவம் அம்மா வீட்டுல அல்லே? ஆளுங்க எந்து பறையும்? மருமவளை விடாம பிடிச்சு வெச்சுன்னு பறையும்!" எழுந்து போய், எச்சில் கையை ஒதுக்கிக்கொண்டு, இடது கையால் அந்த மூட்டையை இழுத்து வந்தார்கள். "அங்க கொண்டு போக எல்லாம் கெட்டி வெச்சாச்சு. இது மொதல் வாரம், இது ரெண்டாம் வாரம். எல்லாத்துக்கும் பேரு எழுதியிருக்கு. உங்களுக்கு மலையாளம் வாயிக்க அறியில்லேன்னு பின்னேதான் நினைச்சேன். அதான் மறைச்சு வெச்சேன், மோளைக்கொண்டு தமிழ்ல எழுதிச்சுக் கொடுக்கலாம்னு."

"இல்ல, நீங்களே வெச்சுப் பாத்துக்கங்க."

"வேண்டா. முறைன்னு ஒண்ணு இல்லே? கொண்டு போங்க."

"மலை ரோட்டுல எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

பவித்ரா சிரிக்கவும் அழவும் ஒன்றாக ஆரம்பித்தாள். "என்னைய யாருமே வெச்சுக்க மாட்டீங்களா?"

சம்பந்தியம்மா மூட்டையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"எனக்கு அந்த மலைப் பாதையில வரப் பயமா இருக்கும்மா" என்றாள். "போன தடவ மாதிரி ஆயிருமோன்னு. நாலு நாளா சொல்லணும்னு பாக்குறேன். நீ ஆசையா வளையல் எல்லாம் வாங்கிட்டு வந்திருக்க. எப்படிச் சொல்றது? நீ இங்க வந்துரும்மா. ஒம்பதாம் மாசம் வந்து, கொழந்த பொறந்து மூணு மாசம் இரு."

சம்பந்தி வீட்டில் மாதக்கணக்கில் போய் உட்காருவதா? எங்கள் பக்கம் பெண் கொடுத்த வீட்டில் ஒரு வேளை கை நனைக்கவே யோசிப்பார்கள். சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்து, தன் தட்டில் கடைசியாக இருந்த மத்தியை எடுத்தார்கள். நிதானமாகப் பிரித்தார்கள். சதையை எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார்கள்.

சாப்பிட்டேன். அதில் ஒரு சின்ன முள் இருந்தது. நான் சொல்லவில்லை.

மறுநாள் காலைப் படகில் தனியாக எர்ணாகுளம் வந்து பஸ் ஏறினேன். வருகிறேன் என்று மட்டும் வீட்டுக்காரரிடம் போனில் சொல்லியிருந்தேன். போடியில் இறங்கியபோது லோடு ஆட்டோவோடு நின்றிருந்தார். மகளுக்குக் குலுங்காமல் இருக்க, பின்னால் மெத்தை விரித்திருந்தார். அதில் என் மூன்று பைகளையும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.